உறவு சொல்லும் எண்கள்



காரைக்குடிக்கு அருகே அரியக்குடி என்று ஓர் ஊர் உண்டு. அந்தப் பெயரைக் கேட்டதும் பலருக்கு இரண்டு நினைவுகள் வரும். ஒன்று, 'தென் திருப்பதி' என்று போற்றப்படும் திருவேங்கடமுடையான் கோயில். மற்றொன்று, 1890ஆம் ஆண்டு அவ்வூரில் பிறந்து ஊர்ப் பெயராலேயே அழைக்கப்பட்ட சங்கீத மேதை அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். 1938இல் 'சங்கீத கலாநிதி' பட்டம் பெற்ற இவர் 1967இல் மறைந்தார்.

இந்தப் பெரியவரைப் பற்றிய தகவல்களை எல்லாம் கணிப்பொறியில் சேர்த்து வைக்கும் வேலையை உங்கள் பள்ளியில் உங்களிடம் ஒப்படைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எந்தக் கச்சேரியில் எந்தப் பாட்டு? அது எந்த ராகம்? அவருடைய குருமார்கள் யார், சீடர்கள் யார்? கேட்ட மாத்திரத்தில் விடை வர வேண்டும். எப்படித் தொடங்குவீர்கள்?

ஒரே நோட்டில் எழுதினால் என்ன?

ஒரு நீளமான அட்டவணை போட்டு, ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு வரி என்று எழுதலாம் என்று முதலில் தோன்றும். பாடகர் பெயர், கச்சேரி நாள், இடம், பாட்டு, ராகம் எல்லாம் ஒரே வரியில்! ஒரு கச்சேரியில் பதினைந்து பாட்டு என்றால் பாடகர் பெயரைப் பதினைந்து முறை எழுத வேண்டும். கை வலிப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். ஒருவர் 'அரியக்குடி' என்று எழுதுவார். இன்னொருவர் 'அரியகுடி' என்று எழுதுவார். ஒருவர் 'ராமானுஜ ஐயங்கார்' என்பார். மற்றொருவர் 'இராமானுஜ அய்யங்கார்' என்பார். நமக்கு நால்வரும் ஒருவரே. கணிப்பொறிக்கோ நான்கு பெயரும் நான்கு ஆள்கள்! ஒரு பெயரைச் சொல்லித் தேடினால் மற்ற மூன்று பெயர்களில் உள்ள கச்சேரிகள் நம் கண்ணுக்கே வராமல் போய்விடும். ஏட்டில் இருந்தும் இல்லாத கதைதான்.

இந்தச் சிக்கலுக்கு வழி சொன்னவர் எட்கர் காட் என்ற கணித அறிஞர். இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய அவர், 1970ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். தகவல்களைத் தனித்தனி அட்டவணைகளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு வரிக்கும் ஓர் அடையாள எண் கொடுங்கள். ஓர் அட்டவணை மற்றொன்றைக் குறிப்பிட வேண்டிய இடத்தில் அந்த எண்ணை மட்டும் எழுதுங்கள் என்பதே அதன் சாரம். இதற்கு 'உறவுமுறைத் தரவுத்தளம்' என்று பெயர். 1981இல் கணிப்பொறித் துறையின் மிக உயர்ந்த டூரிங் விருது அவருக்குக் கிடைத்தது.

இந்த முறையில் 'கலைஞர்' அட்டவணையில் ராமானுஜ ஐயங்காரின் பெயர் ஒரே ஒரு முறைதான் இருக்கும். அவருக்கு எண் 7 என்று கொள்வோம். கச்சேரி அட்டவணையில் 'கலைஞர் எண் 7' என்று எழுதினால் போதும். பெயரில் பிழை இருந்தால் ஓர் இடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் திருந்திவிடும்.

நான்கு வகை உறவுகள்

வலைத்தளங்கள் எழுதப் பயன்படும் மொழிகளுள் ஒன்று பி.எச்.பி. ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர் இதை 1995இல் வெளியிட்டார். வீடு கட்டுவோர் கதவு, நிலை, சன்னல்களை ஆயத்தமாக வாங்கிப் பொருத்துவதுபோல, இம்மொழியில் எழுதுவோருக்காக ஆயத்தமாகச் செய்து வைத்த சட்டகங்கள் பல உண்டு. 2005இல் தோன்றிய 'கேக் பி.எச்.பி.' அவற்றுள் ஒன்று. அட்டவணைகளுக்கு இடையே உள்ள உறவை ஒரு முறை சொல்லிவிட்டால், பிறகு தேடுவதையும் சேமிப்பதையும் அதுவே பார்த்துக்கொள்ளும். அதற்குத் தெரிந்த உறவுகள் நான்கு.

'ஹாஸ் மெனி': ஒன்றுக்குப் பல. ஒரு கலைஞருக்குப் பல கச்சேரிகள்.

'பிலாங்ஸ் டு': அதே உறவை மறுபக்கத்திலிருந்து பார்ப்பது. ஒரு கச்சேரி ஒரு முதன்மைக் கலைஞரைச் சேர்ந்தது. சுட்டும் எண் எப்போதும் இந்தப் பக்கத்து அட்டவணையில்தான் இருக்கும். பிள்ளையின் பள்ளிச் சான்றிதழில் தந்தை பெயர் இருப்பதைப்போல.

'ஹாஸ் ஒன்': ஒன்றுக்கு ஒன்று. ஒரு கலைஞருக்கு ஒரு வாழ்க்கைக் குறிப்பு.

'பிலாங்ஸ் டு மெனி': பலவற்றுக்குப் பல. இதுதான் சுவையானது. ஒரு கச்சேரியில் பல பாட்டுகள். அதே பாட்டு பல கச்சேரிகளில். எண்ணை எந்தப் பக்கம் எழுதுவது? இரு பக்கமும் எழுத முடியாது. நடுவில் மூன்றாவதாக ஓர் இணைப்பு அட்டவணை வேண்டும். 'கச்சேரி 58, பாட்டு 12' என்று ஒரு வரி. 'கச்சேரி 58, பாட்டு 31' என்று அடுத்த வரி.

அந்த வரியில் மூன்றாவதாக ஒரு கட்டம் சேர்த்துப் பாருங்கள்: 'வரிசை'. அதாவது அந்தக் கச்சேரியில் அந்தப் பாட்டு எத்தனையாவதாகப் பாடப்பட்டது என்பது. இது பாட்டுக்கு உரிய தகவல் அன்று. கச்சேரிக்கு மட்டும் உரியதும் அன்று. இரண்டின் சேர்க்கைக்கு உரியது. ராமானுஜ ஐயங்காரின் பெருமையே இந்த மூன்றாவது கட்டத்தில்தான் இருக்கிறது! முதலில் வர்ணம், பிறகு விறுவிறுப்பான சிறு கீர்த்தனைகள், அடுத்து விரிவான ஆலாபனையோடு பெரிய உருப்படிகள், இராகம் தானம் பல்லவி, துக்கடாக்கள், மங்களம் என்று இன்றும் மேடைகளில் நாம் கேட்கும் கச்சேரி முறையை நிலைநிறுத்தியவர் அவர். பாட்டுகளை மட்டும் குறித்துவிட்டு வரிசையை விட்டுவிட்டால், அவர் செய்த சாதனையை விட்டுவிட்டதாகவே ஆகும்.

உறவைத் தவறாகக் கணித்தால்?

அடுத்து குரு, சீடர் பட்டியல். இருவருமே கலைஞர்கள். ஆகவே 'கலைஞர்' அட்டவணையிலேயே 'குரு எண்' என்று ஒரு கட்டம் சேர்த்தால் போதும் என்று நினைப்போம். பட்டணம் சுப்பிரமணிய ஐயரின் சீடர் பூச்சி ஸ்ரீநிவாச ஐயங்கார். அவருடைய சீடர் அரியக்குடி. அரியக்குடியின் சீடர் கே. வி. நாராயணசாமி. சங்கிலி அழகாக அமைகிறது.

ஆனால் ஸ்ரீநிவாச ஐயங்காரிடம் சேருமுன் ராமானுஜ ஐயங்கார் புதுக்கோட்டை மலையப்பையரிடமும், நாமக்கல் நரசிம்மையங்காரிடமும் பயின்றிருக்கிறார். நம் அட்டவணையில் ஒரு குருவுக்குத்தானே இடம் இருக்கிறது? மற்ற இருவரும் எங்கே போவார்கள்? அவர்களை யாரும் வேண்டுமென்று அழிக்கவில்லை. கட்டம் போட்டவர் 'பலவற்றுக்குப் பல' என்ற உறவை 'ஒன்றுக்குப் பல' என்று எண்ணிவிட்டார். வரலாற்றிலிருந்து இரண்டு ஆசிரியர்கள் மறைந்துவிட்டார்கள். கணிப்பொறி இதற்குப் பிழைச் செய்தி எதுவும் தராது. எனவே ஒரு வரி எழுதும் முன்பே, 'இது ஒன்றா, பலவா?' என்று இரு பக்கமும் கேட்டுப் பார்க்க வேண்டும். குரு ஒரு பக்கம், சீடர் ஒரு பக்கமாக இணைப்பு அட்டவணை போட்டால் மூவருக்கும் இடம் கிடைக்கும்.

தேடும் கலை

இனித் தேடுவோம். நூறு கச்சேரிகளையும் அவற்றின் பாட்டுகளையும் காட்ட வேண்டும். அனுபவமில்லாதவர் முதலில் கச்சேரிப் பட்டியலைக் கேட்பார். அது ஒரு கேள்வி. பிறகு ஒவ்வொரு கச்சேரிக்கும் தனித்தனியே பாட்டுகளைக் கேட்பார். அவை நூறு கேள்விகள். ஆக மொத்தம் 101. மளிகைக் கடைக்கு உப்புக்கு ஒரு நடை, புளிக்கு ஒரு நடை, மிளகாய்க்கு ஒரு நடை என்று போவதற்கு ஒப்பானது இது.

கேக் பி.எச்.பி.யில் 'கன்டெயின்' என்ற ஆணை உண்டு. 'கச்சேரிகளைக் கொடு, பாட்டுகளையும் உடன் கொடு' என்று முன்கூட்டியே சொல்வது அது. சட்டகம் முதல் கேள்வியில் கச்சேரிகளைப் பெறும். அவற்றின் எண்களை எல்லாம் ஒன்றாகத் திரட்டி, இரண்டாவது கேள்வியிலேயே எல்லாப் பாட்டுகளையும் பெற்று, உரிய கச்சேரியின்கீழ் அடுக்கிவிடும். 101 கேள்விகள் 2 ஆகிவிட்டன!

இதில் ஒரு வழுக்கல் உண்டு. ஆண்டாளின் திருப்பாவை முப்பது பாடல்களுக்கும் ராமானுஜ ஐயங்கார் மெட்டமைத்தார். முதல் பாட்டு நாட்டை. மூன்றாம் பாட்டு ஆரபி. 'ஆரபி ராகப் பாட்டு இடம்பெற்ற கச்சேரிகள் எவை?' என்று அறிய விரும்பி, 'கன்டெயின்' ஆணையோடு 'ராகம் ஆரபி' என்று நிபந்தனை சேர்க்கிறீர்கள். என்ன வரும்? நூறு கச்சேரிகளும் வரும்! ஆரபி இல்லாதவை வெறுங்கூடையோடு வரும். ஏனெனில் நிபந்தனை பாட்டுகளை வடிகட்டியதே ஒழியக் கச்சேரிகளை வடிகட்டவில்லை. கச்சேரிகளையே வடிகட்டுவதற்கு 'மேட்சிங்' என்று வேறோர் ஆணை இருக்கிறது. அதிலும் ஒரே கச்சேரியில் இரண்டு ஆரபிப் பாட்டுகள் இருந்தால் அந்தக் கச்சேரி இரண்டு முறை வரும். 'ஒவ்வொன்றும் ஒரு முறை' என்றும் சொல்ல வேண்டும்.

சேமிப்பும் இரண்டு மாலைகளும்

சேமிப்பதைப் புரிந்துகொள்ளச் செட்டிநாட்டுத் திருமணம் ஒன்றுக்குப் போவோம். நகரத்தார் சமூகம் ஒன்பது கோயில்களைச் சார்ந்த பிரிவுகளாக அமைந்தது. இளையாத்தங்குடி, மாத்தூர், வயிரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி என்பன அவை. பொதுவாக ஒரே கோயிலைச் சேர்ந்தவர்கள் உடன்பிறந்தார் முறை; எனவே மணமக்கள் வெவ்வேறு கோயிலைச் சேர்ந்தவராக இருப்பது பொது வழக்கம். திருமணத்துக்கு இருவர் கோயில்களிலிருந்தும் மாலை வரவேண்டும். மணமான குடும்பம் கோயில் கணக்கில் ஒரு 'புள்ளி' ஆகிறது.

கணிப்பொறிக் கண்ணோடு பாருங்கள். ஒரு கோயிலுக்குப் பல புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு கோயிலைச் சேர்ந்தது. உறவு முறை சரியா என்று பதிவுக்கு முன்பே சோதனை. இரண்டு மாலைகளும் வந்தாக வேண்டும். ஒன்று மட்டும் வந்தால் போதாது. தரவுத்தளத்திலும் இதே ஒழுங்குதான். இதை 'டிரான்சாக்‌ஷன்' என்பார்கள். நடந்தால் முழுவதும் நடக்க வேண்டும். இல்லையேல் அறவே நடக்கக் கூடாது.

புதிய கச்சேரி ஒன்றையும் அதில் பாடிய புதிய பாட்டுகளையும் சேர்த்துச் சேமிக்கும்போது, சட்டகம் ஒரு வரிசைப்படி செய்கிறது. முதலில் கலைஞர். அவருக்கு எண் இருந்தால்தானே கச்சேரியில் அதை எழுத முடியும்? அடுத்து கச்சேரி, அதற்கு 58 என்று எண் கிடைக்கிறது. பிறகு பாட்டுகள், அவற்றுக்கும் எண் கிடைக்கிறது. கடைசியாக இரு எண்களையும் கொண்டு இணைப்பு வரிகள். நடுவில் ஒரு பாட்டின் பெயர் காலியாக இருந்து சோதனையில் தவறினால், அதுவரை எழுதியவை எல்லாம் திரும்பப் பெறப்படும். பாட்டில்லாத கச்சேரி, கச்சேரியில்லாத இணைப்பு என்று அரைகுறையாக எதுவும் மிஞ்சாது.

ஓர் எச்சரிக்கை. கச்சேரி 58இல் ஏற்கனவே பதினான்கு பாட்டுகள் உள்ளன. விட்டுப்போன பதினைந்தாவதைச் சேர்க்க எண்ணி, அந்த ஒரு பாட்டை மட்டும் பட்டியலில் வைத்துச் சேமிக்கிறீர்கள். மறுபடி பார்த்தால் கச்சேரியில் ஒரே பாட்டுதான் இருக்கிறது! 'பலவற்றுக்குப் பல' உறவில் இச்சட்டகம், நாம் வேறு விதமாகச் சொல்லாதவரை, பழைய பட்டியலை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கும். பாட்டுகள் அழியவில்லை, 'பாட்டு' அட்டவணையில் பத்திரமாக உள்ளன. அவை அந்தக் கச்சேரியில் பாடப்பட்டன என்ற உறவும், எந்த வரிசையில் பாடப்பட்டன என்ற செய்தியும்தான் போய்விட்டன. பதினைந்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்; அல்லது 'இருப்பதோடு சேர்' என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

செய்து பாருங்கள்

கணிப்பொறி இல்லாமலேயே இதைச் சோதிக்கலாம். உங்கள் வகுப்பு மாணவர்களுக்கு வெள்ளை அட்டையும், அவர்கள் பங்குபெறும் விளையாட்டுகளுக்கு மஞ்சள் அட்டையும் எழுதி எண் கொடுங்கள். யார் எந்த விளையாட்டில் என்பதை நீல அட்டைகளில் இரண்டு எண்களாக மட்டும் எழுதுங்கள். இப்போது 'கபடி ஆடுவோர் யார் யார்?' என்று ஒருவர் கேட்கட்டும். மற்றவர் அட்டைகளைப் புரட்டி விடை சொல்லட்டும். பிறகு ஒரே ஒரு நீல அட்டையை மறைத்துவிட்டுக் கேளுங்கள். மாணவரும் இருப்பார், கபடியும் இருக்கும். அவர் கபடி ஆடுபவர் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. நீல அட்டைகளைப் பத்திரமாக வைத்திருப்பவரே நல்ல கணக்குப்பிள்ளை!