கொரகொரத்த லைனும் திணறிய மோடமும்

1995 ஆகஸ்ட் 15 அன்று அப்போதைய அரசு நிறுவனமான விஎஸ்என்எல் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது. சேவை கிடைத்த முதல் நகரங்களில் சென்னையும் ஒன்று. சில ஆண்டுகளில் டயல்-அப் இணைப்பு சிற்றூர்களையும் எட்டியது. பிஎஸ்என்எல் லைன், அந்நிறுவனத்தின் சஞ்சார்நெட் இணையக் கணக்கு ஆகிய இரண்டும் இருந்தால் காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரிலும் வீட்டுக் கணினியில் இணையம் பார்க்க முடிந்தது. ஆனால், பெட்டியில் "56 கே" என்று அச்சிட்டிருந்த மோடம் கிராமத்து லைனில் அந்த வேகத்தை எட்டுவது அரிது. பெரும்பாலும் குற்றம் மோடத்தில் இல்லை, செம்புக் கம்பியில் இருந்தது.

தொலைபேசி லைன் மனிதக் குரலுக்காக உருவானது. ஏறக்குறைய 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிதான் அதில் போகும். கணினியின் 0, 1 என்ற எண்களை அந்த எல்லைக்குள் அடங்கும் ஒலியாக மாற்றி அனுப்புவதே மோடத்தின் வேலை. டிஜிட்டல் எக்ஸ்சேஞ்ச் அந்த ஒலியை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டுகளாக்குகிறது. 1998இல் வந்த வி.90 தரம் இதைப் பயன்படுத்தித்தான் இறங்குவேகத்தை நொடிக்கு 56,000 பிட் வரை உயர்த்தியது. ஏறுவேகம் 33,600தான். வழியில் ஒரே ஓர் அனலாக் மாற்றம்தான் இருக்கலாம் என்பது நிபந்தனை. இடையில் இன்னொன்று வந்தால் 56 கே கிடைக்காது. எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு தள்ளிப்போகப் போக, உச்ச அதிர்வெண்கள் கம்பியிலேயே தேய்ந்துபோகும்.

டயல் செய்ததும் கேட்ட கீச்சொலிக்கும் பொருள் உண்டு. மறுமுனை மோடம் முதலில் 2,100 ஹெர்ட்ஸ் ஒலி எழுப்பும். லைனில் எதிரொலியை அடக்கும் கருவிகளை நிறுத்தச் சொல்லும் சைகை அது. அடுத்து வரும் இரைச்சலில், எந்த அதிர்வெண் ஒழுங்காகப் போகிறது என்று இரண்டு மோடங்களும் சோதித்து வேகத்தை முடிவுசெய்கின்றன. லைன் மோசமென்றால் 28,800, 14,400 என இறங்கிவிடும்.

இணைப்பு கிடைக்காவிட்டால் விண்டோஸ் காட்டும் பிழை எண்ணே பாதிக் கோளாறைச் சொல்லிவிடும். 691 என்றால் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தவறு. 678 என்றால் மறுமுனையில் பதில் இல்லை. 680 என்றால் டயல் டோன் இல்லை. போனை எடுத்தால் டோன் கேட்கிறது, மோடம் மட்டும் இல்லை என்கிறதா? நம் எக்ஸ்சேஞ்சின் டோன் அதற்குப் புரியவில்லை. ஏடிஎக்ஸ்3 என்ற கட்டளை கொடுத்தால் டோனுக்குக் காத்திராமல் டயல் செய்யும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வரும் கோளாறுதான் கடினம். உத்திரமேரூர் போன்ற ஏரிகள் நிறைந்த வட்டாரத்தில் கேபிள் ஜாயிண்டுக்குள் ஈரம் இறங்கினால் செம்பில் பச்சைக் களிம்பு பூக்கும், மின்தடை கூடும், இரண்டு கம்பிகளுக்கிடையே மின்சாரம் கசியும். கொரகொர சத்தத்தோடும் நாம் பேசிவிடலாம். மோடமோ, சிதைந்த தகவலைத் திரும்பத் திரும்ப அனுப்பச் சொல்லும். இணைப்பு இருந்தும் பக்கம் திறக்காததன் காரணம் இதுதான்.

சோதனை எளிது. போனை எடுத்து ஓர் எண்ணை மட்டும் அழுத்தினால் டோன் நிற்கும். அந்த அமைதியில் கொரகொர சத்தம் கேட்டால் ஈர ஜாயிண்ட் அல்லது தளர்ந்த இணைப்பு. தொடர்ந்து ரீங்காரம் கேட்டால் பக்கத்து மின்கம்பியின் தூண்டல். வீட்டு ஒயரிங்கைக் கழற்றிவிட்டு, வெளிக்கம்பி வந்து சேரும் முதல் பெட்டியில் போனை நேரடியாக மாட்டிக் கேட்க வேண்டும். சத்தம் போய்விட்டால் பழுது வீட்டுக்குள். போகாவிட்டால் லைன்மேனைக் கூப்பிட வேண்டியதுதான்.

கம்பியையே தவிர்க்கவும் வழி தேடினார்கள். சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பம், நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட் வேகத்தில் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரக் கிராமங்களுக்கு இணையத்தைக் கொண்டுபோனது. இன்றைய கண்ணாடி இழையில் ஒளி போகிறது. அதில் களிம்பு ஏறாது, மின்தூண்டலும் பாதிக்காது.

இன்னும் செம்புக் கம்பியில் பிராட்பேண்ட் வைத்திருப்பவர்கள் மோடத்தை மாற்றக் காசு செலவழிக்கும் முன், முதல் பெட்டியில் போனை மாட்டிக் காது கொடுத்துக் கேளுங்கள். இடி மின்னல் நேரத்தில் மின் பிளக்கோடு தொலைபேசி ஒயரையும் கழற்றிவிடுங்கள்.