நிழலை முந்திய துப்பாக்கி

“பாடத்தை விட்டுவிட்டுப் பொம்மைப் புத்தகத்தில் மூழ்கிக் கிடக்கிறான்” என்று பிள்ளைகளைப் பற்றிக் குறைப்படாத பெற்றோர் நம் பங்குகளில் மிகச் சிலரே. அட்டையில் குதிரையும் துப்பாக்கியும் தென்பட்டுவிட்டாலோ, பிள்ளை கெட்டே போனான் என்று முடிவுகட்டி விடுகின்றனர். கௌபாய்ச் சித்திரக்கதைகள் அனைத்துக்காகவும் வழக்காட நாம் முன்வரவில்லை. கொலையையே சுவையாக்கிக் காட்டும் கதைகள் அவற்றுள் ஏராளம். ஆயினும், சிவகாசி லயன் காமிக்ஸ் வாயிலாக 1980களிலிருந்து தமிழ்ச் சிறாரும் அறிந்துள்ள லக்கி லூக்கை அவற்றோடு சேர்த்து ஒதுக்கிவிட நமக்கு மனம் வரவில்லை. தன் நிழலைக் காட்டிலும் விரைவாகச் சுடுபவன் என்பது அவ்வீரனுக்கு வழங்கும் பட்டம்.

கதை நடப்பது அமெரிக்க மேற்கில் எனினும், அது பிறந்த வீடு பெல்ஜியம். மொரீஸ் என்ற புனைபெயரில் வரைந்த மொரீஸ் தெ பெவெர் 1923-இல் கோர்ட்ரெய்க் நகரில் பிறந்தவர்; ஆல்ஸ்ட் நகரில் இயேசு சபையாரின் கல்லூரியில் பயின்றவர். கணக்கு வகுப்பில் ஏட்டின் ஓரமெல்லாம் படம் வரைந்துகொண்டிருந்த அவரைப் பற்றி, இவன் உருப்படப் போவதில்லை என்று ஆசிரியர் பெற்றோரிடம் சொல்லிவிட்டாராம். அக்கல்லூரிச் சீருடையே பின்னாளில் லக்கி லூக் கதைகளில் வரும் சவப்பெட்டிக்காரரின் கறுப்பு உடைக்கு மாதிரியாயிற்று! கணக்காசிரியர்கள் கவனிப்பார்களாக.

லக்கி லூக் முதன்முதல் தோன்றியது 1946-ஆம் ஆண்டின் இறுதியில், ‘ஸ்பிரு’ என்ற சிறுவர் இதழின் ஆண்டு மலரில். அவ்விதழை 1938-இல் தொடங்கிய துப்புயி குடும்பத்தினர் பக்தியுள்ள கத்தோலிக்கர். பெல்ஜியம் செர்மானியப் படையின் பிடியில் இருந்த 1941, 1942-ஆம் ஆண்டுகளில் அதே இதழில் புனித தொன் போஸ்கோவின் வாழ்க்கையைச் சித்திரக்கதையாக வரைந்தார் ஜிஜே என்ற ஓவியர். அதே ஜிஜேதான் 1948-இல் இளைஞர் மொரீசைத் தம்மோடு அமெரிக்காவுக்கு அழைத்துச் சென்றவர். அங்கே நியூயார்க் நகரில் மொரீஸ் சந்தித்த நண்பர் ரெனே கொசினி. இவர் யூதர், நெருங்கிய உறவினர் சிலரை நாசிகளின் வதைமுகாம்களில் பறிகொடுத்தவர். 1955 முதல் 1977-இல் தாம் இறக்கும்வரை லக்கி லூக்கின் கதைகளை எழுதியவர் அவரே. அத்தகைய துயரைக் கண்ட ஒருவரின் எழுதுகோலிலிருந்து இத்துணைத் தூய சிரிப்புப் பிறந்தது எண்ணி வியத்தற்குரியது.

அச்சிரிப்பின் இயல்பு யாது? தொடக்கக் கதைகள் சிலவற்றைத் தவிர லக்கி லூக் எவரையும் கொல்வதில்லை. எதிரியின் கையிலுள்ள துப்பாக்கியைச் சுட்டுத் தள்ளுவான், அத்துடன் சரி. அவனுடைய குதிரை ஜாலி ஜம்பர் எசமானனைவிடச் சற்று அறிவு மிக்கது. சிறைச்சாலை நாய் ரின் டின் கேனோ உலகிலேயே மந்தமான நாய். கைதியையும் காவலனையும் பிரித்தறியாமல் இருவரிடமும் ஒரே அன்பு காட்டும்.

கெட்டவர்களாக வரும் டால்டன் சகோதரர் நால்வரும் படிக்கட்டுப் போல் வரிசையாய் நிற்பர். குட்டையன் ஜோவுக்குக் கோபம் மிகுதி. நெட்டையன் அவரெலுக்குப் பசி மிகுதி. ஒவ்வொரு கதையிலும் சிறையிலிருந்து தப்புவர். ஒவ்வொரு கதையிலும் மீண்டும் சிறைக்கே வந்து சேர்வர். 1971-இல் வெளிவந்த நூலில் அவர்களுடைய தாய் வருகிறாள். வறுமையுற்ற அம்மூதாட்டி துப்பாக்கியைக் காட்டிக் கடைகளில் மளிகைப் பொருளைப் பறித்துச் செல்கிறாள். கடைக்காரர்களோ இரக்கப்பட்டு, அஞ்சியவர்போல் நடித்துக் கொடுத்தனுப்புகின்றனர். பெறுபவள் நாணாதபடி கொடுப்பது எப்படி என்பதை இதைவிட அழகாகச் சொன்ன சிறுவர் கதை ஒன்றை நாம் கண்டதில்லை.

குறைகளும் இல்லாமலில்லை. சலவை செய்யும் சீனன், உறங்கி வழியும் மெக்சிகோக்காரன், கொச்சை பேசும் செவ்விந்தியன் என ஓர் இனத்தையே ஒரே அச்சில் வார்த்துக் காட்டும் வழக்கம் இக்கதைகளில் உண்டு. இதில் ஜிஜே தாமே 1954-இல் தொடங்கிய ஜெர்ரி ஸ்பிரிங் கதைகள் மேலானவை. அவற்றில் வீரனின் உற்ற தோழனே ஒரு மெக்சிகோக்காரன். புகைபிடித்தல் மற்றொரு குறை. 1983-இல் மொரீஸ் லக்கி லூக்கின் வாயிலிருந்த சிகரெட்டை எடுத்துவிட்டு ஒரு புல்லை வைத்தார். அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு ஏற்றதாக்க வேண்டும் என்ற வாணிப நோக்கமும் அதில் கலந்திருந்தது. எனினும் உலகச் சுகாதார நிறுவனம் 1988-இல் அவரைப் பாராட்டிப் பரிசளித்தது.

டால்டன்களைக் கண்டு சிரிக்கும் பிள்ளைகளிடம் பெற்றோர் சொல்லவேண்டிய செய்தி ஒன்று உண்டு. டால்டன்கள் மெய்யாகவே வாழ்ந்தவர்கள். மூத்தவர்களுள் ஒருவரான பிராங்க், சட்டத்தைக் காக்கும் பணியில் 1887-இல் உயிர் துறந்தவர். அவருடைய தம்பியரும் முதலில் அப்பணியிலேயே இருந்து, பின்னரே கொள்ளையராயினர். 1892-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள், கான்சாஸ் மாநிலத்துக் காஃபிவில் என்னும் ஊரில் இரு வங்கிகளை ஒரே வேளையில் கொள்ளையிட ஐவர் நுழைந்தனர். அவர்கள் முன்பு வாழ்ந்த ஊர் அது. பொய்த்தாடி ஒட்டியும் பயனில்லை. ஊரார் அடையாளம் கண்டுகொண்டனர். சில நிமிடச் சண்டையில் ஊரார் நால்வரும் கொள்ளையர் நால்வரும் மாண்டனர்.

மொரீஸ் முதலில் இவர்களையே தம் கதையில் வரைந்து, அதன் முடிவில் இறக்கவும் செய்தார். பிறகு அவர்களை இழந்தது பெருங்குறையாகத் தோன்றவே, ஒன்றுவிட்ட சகோதரர் நால்வரைப் படைத்துக்கொண்டனர் அவரும் கொசினியும். அந்நால்வரும் என்றும் திருந்துவதில்லை. 1975-இல் வந்த நூலில் அவர்களைக் குணப்படுத்த வந்த உளவியல் பேராசிரியரே முடிவில் குற்றவாளியாகிவிடுகிறார்! திருந்திவிட்டால் அடுத்த கதை ஏது?

வாழ்க்கையில் அப்படியன்று. காஃபிவிலில் உயிர் தப்பிய ஐந்தாமவர் எம்மெட் டால்டன்; அன்று வயது 21. குதிரையில் ஓடிவிட வாய்ப்பிருந்தும், குண்டுபட்டுக் கிடந்த அண்ணன் பாபைத் தூக்கிச் செல்லத் திரும்பியதால்தான் அவர் சுடப்பட்டார். உடலில் 23 காயங்கள். ஆயுள் தண்டனை பெற்று, 14 ஆண்டுகளுக்குப்பின் 1907-இல் மன்னிப்புப் பெற்று வெளிவந்தார். அடுத்த ஆண்டு மணம் புரிந்தார். கலிபோர்னியாவில் வீடு, மனை வணிகம் செய்தும், தம் வரலாற்றை நூலாக எழுதியும் நேர்மையான குடிமகனாக வாழ்ந்து 1937-இல் காலமானார். அவர் தூக்கிச் செல்ல முயன்ற பாப், மற்றோர் அண்ணன் கிராட், கூட்டாளி பில் பவர் ஆகிய மூவரும் காஃபிவில் கல்லறைத் தோட்டத்தில் அடக்கமாயினர். அவ்விடத்துக்கு நெடுங்காலம் அடையாளமாக நின்றது, அன்று காலை அவர்கள் தங்கள் குதிரைகளைக் கட்டிய இரும்புக் குழாய்.