வகுப்பறைக்குள் ஒரு நூலகம் – 6: பீட்டர் பனியில் விளையாடட்டும்

எஸ்ரா ஜாக் கீட்ஸ் கதை எழுத உட்காருவதற்கு 22 ஆண்டுகள் முன்பே கதாநாயகன் அவருக்குக் கிடைத்துவிட்டான். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், போலந்திலிருந்து குடியேறிய ஏழை யூதக் குடும்பத்தில் 1916-ல் பிறந்தவர் கீட்ஸ். 1940-ல் ‘லைஃப்’ இதழில் ஒரு கறுப்பினச் சிறுவனின் புகைப்படங்கள் வந்தன. ரத்தப் பரிசோதனைக்காகக் காத்திருக்கும் அந்தக் குழந்தையின் முகம் படத்துக்குப் படம் மாறுகிறது. கீட்ஸ் அவற்றை வெட்டி எடுத்துப் பத்திரப்படுத்தினார். பிறகு வெகுகாலம் மற்றவர்கள் எழுதிய கதைகளுக்குப் படம் வரைந்தே பிழைத்தார். அவரிடம் வந்த கதைகள் ஒன்றில்கூடக் கறுப்பினக் குழந்தை நாயகனாக இல்லை. 1962-ல் தானே எழுதி, தானே வரைந்த ‘தி ஸ்னோயி டே’யில் அந்தச் சிறுவனைப் பீட்டர் ஆக்கினார்.

கதையில் பெரிதாக எதுவும் நடக்காது. ராத்திரி பனி பெய்திருக்கிறது. பீட்டர் சிவப்பு உடுப்பை மாட்டிக்கொண்டு வெளியே போகிறான். கால்தடம் பதிக்கிறான், பனிமேட்டில் சறுக்குகிறான், ஓர் உருண்டைப் பனியைச் சட்டைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருகிறான். அது கரைந்துவிடுகிறது. அவன் நிறத்தைப் பற்றி ஒரு சொல் கிடையாது. 1963-ல் அமெரிக்காவின் சிறந்த படக்கதைக்கான கால்டிகாட் பதக்கம் இதற்குக் கிடைத்தது. நியூயார்க் பொது நூலகம் 2020-ல், தன் 125 ஆண்டு வரலாற்றில் மிக அதிகமாக இரவல் போன புத்தகங்களை வரிசைப்படுத்தியபோது முதலிடத்தில் இருந்தது இதுதான்: 4,85,583 முறை.

எனக்கு இந்த எண்ணைவிட முக்கியமாகப் படுவது, புத்தகம் வந்த பிறகு ஓர் ஆசிரியர் கீட்ஸுக்கு எழுதிய கடிதம். தன் வகுப்புப் பிள்ளைகள் முதல்முறையாகத் தங்களை வரையப் பழுப்பு க்ரேயானை எடுக்கிறார்கள் என்று அவர் எழுதியிருந்தார். அதே 1962-ல்தான் க்ரயோலா நிறுவனம், இளஞ்சிவப்பு க்ரேயானுக்கு வைத்திருந்த ‘ஃப்ளெஷ்’ என்ற பெயரை நீக்கி ‘பீச்’ என்று மாற்றியது. அதுவரை பெட்டியைத் திறந்த ஒவ்வொரு குழந்தைக்கும், மனிதத் தோல் என்றால் எந்த நிறம் என்று அந்தப் பெட்டியே பாடம் எடுத்திருக்கிறது. நம் கடைகளிலும் ‘ஸ்கின்’ என்று அச்சிட்ட க்ரேயான்கள் விற்றதுண்டு. வகுப்புக்குப் பொருள் வாங்கும்போது புத்தகத்தோடு சார்ட், பொம்மை, க்ரேயான் பெட்டி வரைக்கும் திருப்பிப் பார்த்து வாங்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஒரு பீட்டர் வந்ததால் அலமாரி நிறைந்துவிடவில்லை. நியூயார்க்கில் ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமி ஒருத்தி, புத்தகங்களில் ஏன் எப்போதும் வெள்ளைப் பிள்ளைகளே வருகிறார்கள் என்று கேட்ட கேள்வியோடு 1965-ல் நான்சி லாரிக் ‘சாட்டர்டே ரிவ்யூ’வில் ஒரு கட்டுரை எழுதினார். வாசிப்புக் கல்வியில் நீண்ட அனுபவம் உள்ளவர் அவர். 1962 முதல் 1964 வரை 63 பதிப்பகங்கள் வெளியிட்ட 5,206 சிறுவர் நூல்களைக் கணக்கெடுத்தார். படத்திலோ எழுத்திலோ ஒரே ஒரு கறுப்பினத்தவராவது தலைகாட்டிய நூல்கள் 349. அதாவது 6.7 சதவீதம். கறுப்பினத்தவரின் அன்றைய வாழ்க்கையைச் சொன்னவை ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை. பீட்டரின் அம்மாவைப் பருத்த உடலும் பளீரென்ற கட்டம்போட்ட உடையுமாக வரைந்ததையும் லாரிக் கண்டித்தார். அது நியாயமான கண்டிப்பு. அதைத் தாங்கிக்கொண்டும் அந்தப் புத்தகம் நிற்கிறது. நல்ல புத்தகத்தையும் இப்படிக் கேள்வி கேட்டபடியேதான் வகுப்புக்குள் எடுத்துச் செல்ல வேண்டும்.

லாரிக் தொடங்கிய எண்ணும் வேலையை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் சிறுவர் நூல் மையம் பிடித்துக்கொண்டது. 1985-ல் அமெரிக்காவில் வெளிவந்த சுமார் 2,500 சிறுவர் நூல்களில் கறுப்பினத்தவர் எழுதியவை அல்லது வரைந்தவை 18 மட்டுமே என்று அவர்கள் கண்டார்கள். 2018-ஆம் ஆண்டுக் கணக்கு இன்னும் யோசிக்க வைக்கும். முக்கியப் பாத்திரம் வெள்ளையராக இருந்தவை 50 சதவீதம். விலங்கு, வண்டி, பொம்மை போன்றவை 27 சதவீதம். கறுப்பினத்தவர் 10, ஆசிய வம்சாவளியினர் 7, லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் 5, பூர்வகுடிகள் 1. இந்த நால்வரையும் கூட்டினாலும் 23 சதவீதம்தான். கரடிக்கும் முயலுக்கும் இவர்களைவிட அதிக இடம்.

ஆனால் எண்ணிக்கை சரியாகிவிட்டால் போதுமா? இங்கேதான் சிறுவர் இலக்கிய ஆய்வாளர் ருடின் சிம்ஸ் பிஷப் எனக்கு வழிகாட்டி. புத்தகம் சில குழந்தைகளுக்குத் தங்களையே காட்டும் கண்ணாடியாகவும் சிலருக்குப் பிறரைக் காட்டும் ஜன்னலாகவும் இருக்கிறது என்று 1990-ல் அவர் எழுதியதை ஆசிரியப் பயிற்சிகளில் பலரும் சொல்வார்கள். அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பு, 1982-ல் அவர் வெளியிட்ட ஆய்வு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. புத்தகம் தேர்ந்தெடுக்க உட்காரும் ஆசிரியருக்கு அதுதான் கூடுதலாக உதவும். 1965 முதல் 1979 வரை கறுப்பினக் குழந்தைகளைப் பற்றி வந்த 150 கதைகளைப் படித்து, அவற்றை மூன்று வகையாகப் பிரித்தார்.

முதல் வகை, வெள்ளைக் குழந்தைகளின் மனசாட்சியைத் தட்டி எழுப்ப எழுதப்பட்டவை. அவற்றில் கறுப்பினக் குழந்தை மற்றவர்கள் தீர்த்துவைக்க வேண்டிய ஒரு பிரச்சினையாக வருகிறது. இரண்டாவது வகையில் நிறம் படத்தில் மட்டும் இருக்கும். கதை எந்த வீட்டிலும் நடக்கலாம். மூன்றாவது வகை, வீட்டுக்குள்ளிருந்து சொல்லப்படுபவை. பாட்டியை எப்படிக் கூப்பிடுவார்கள், கோபம் வந்தால் எப்படிப் பேசுவார்கள், ஞாயிற்றுக்கிழமை என்ன சமைப்பார்கள் என்பதெல்லாம் இயல்பாக வந்து விழும்.

இந்த அளவுகோலை நம் அலமாரி மேல் வைத்துப் பாருங்கள். மாற்றுத்திறனாளிப் பிள்ளை, குப்பத்துப் பிள்ளை, இருளர் பிள்ளை பற்றி நம்மிடம் கதையே இல்லை என்று சொல்ல முடியாது. இருப்பவற்றில் பல ‘ஐயோ பாவம்’ கதைகள். நடக்க முடியாத பெண்ணை வகுப்பே கேலி செய்யும், கடைசிப் பக்கத்தில் ஆசிரியர் அறிவுரை சொல்வார், எல்லோரும் திருந்துவார்கள். அவள் திருத்தும் கருவியாக வந்துபோகிறாள். அவளுக்கு என்ன விளையாட்டுப் பிடிக்கும் என்று கடைசிவரை தெரியாது. அப்படியொரு பெண் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது இந்தக் கதையை உரக்கப் படிக்க முடியுமா? வாங்கும் முன் இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே பாதிப் புத்தகங்கள் கழிந்துவிடும்.

சென்னையின் தூலிகா பதிப்பகத்துக்கு ஜாய் விட்டேகர் எழுதிய ஒரு படக்கதையில், கண்ணா என்ற சிறுவன் குடும்பத்தோடு குகை பார்க்கப் போகிறான். விளக்கு அணைந்துவிடுகிறது. பெரியவர்கள் திகைத்து நிற்க, எல்லோரையும் வெளியே கூட்டிவருவது கண் தெரியாத கண்ணாதான். அவனுக்காக யாரும் பரிதாபப்பட வேண்டிய இடமே கதையில் இல்லை.

மாநிலத்துக்கு ஒரு குழந்தை, ஆளுக்கொரு பாரம்பரிய உடை என்று அணிவகுக்கும் புத்தகங்களை நான் பரிந்துரைப்பதில்லை. குடியரசு தினத்துக்கு எடுத்து, மறுநாள் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். பஞ்சாபில் ஒரு பெண் டவுசர் போட்டுக்கொண்டு பல் விளக்கும் கதை கிடைத்தால் வாங்குங்கள்.

தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை வைத்துச் சிறு நூல்களைத் தந்திருக்கிறது. எந்தப் பிள்ளைக்கு எது எளிது என்று அது சொல்லும். உள்ளே யார் வருகிறார்கள், என்னவாக வருகிறார்கள் என்பதை ஆசிரியர்தான் படித்துப் பார்க்க வேண்டும்.

திருப்பூர் போன்ற ஊர்களில் ஒடிசா, பீகார் பிள்ளைகள் தமிழ்வழி வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு எங்கே புத்தகம் என்று கேட்பவர்களுக்கு: பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-ல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் ஒரே படக்கதை தமிழிலும் ஒடியாவிலும் இந்தியிலும் கிடைக்கும். காசு இல்லை, அச்சிட்டுக்கொள்ளவும் உரிமம் உண்டு. இரண்டு மொழியையும் அச்சிட்டு எதிரெதிர்ப் பக்கமாகத் தைத்துவிடுங்கள். ஒடியாப் பக்கத்தை ஆசிரியரால் படிக்க முடியாது. அந்தப் பிள்ளை படித்துக் காட்டட்டும். எழுத்துக் கூட்டத் தெரியாத வயதென்றால், வேலை முடிந்து அழைத்துப்போக வரும் அம்மாவிடமோ அப்பாவிடமோ கேட்டு, அவர்கள் குரலில் போனில் பதிந்து வாங்கிக்கொள்ளலாம். மறுநாள் வகுப்பு முழுவதும் கேட்கலாம்.

(தொடரும்)