நாய்க்கும் பூனைக்கும் தடுப்பூசி: வீடு திரும்பும் குடும்பங்கள் அறிய வேண்டியவை

மண்சரிவு அபாயத்தால் லயத்தை விட்டு வெளியேறும்போது பிள்ளைகளையும் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு, கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஓடுகிறோம். நாயும் பூனையும் பெரும்பாலும் பின்தங்கிவிடுகின்றன. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது உயிர் தப்பியவர்கள் முதலில் பாடசாலைகளிலும், பின்னர் பூனாகலைப் பக்கத்துப் பழைய தேயிலைத் தொழிற்சாலையிலும் தங்கினார்கள். புதிய வீடுகள் கிடைக்க ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் சென்றன. ஊவாவின் மலைத் தோட்டங்களில் இடம்பெயர்வு என்பது பல நேரங்களில் இப்படித்தான் நீள்கிறது.

இந்தக் காலத்தில் வளர்ப்பு நாய்கள் பசியோடு அலைகின்றன. வேறு நாய்களோடும், காட்டோரத்து நரி, கீரி, மரநாய் போன்றவற்றோடும் சண்டையிடுகின்றன. அவற்றுக்கு ஆண்டுத் தடுப்பூசியும் தவறிவிடுகிறது. நீங்கள் திரும்பி வரும்போது வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வருவது உங்கள் பழைய நாய்தான். ஆனால் இடையில் அதற்கு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. ஆகவே வீட்டுக்கூரை, தண்ணீர்க் குழாய், மலசலகூடம் ஆகியவற்றைக் கவனிப்பது போலவே நாய், பூனைகளின் தடுப்பூசியையும் முதல் வாரங்களிலேயே கவனியுங்கள்.

விசர் நோய் என்றால் என்ன?

விசர்நாய்க்கடி நோய், நீர்வெறுப்பு நோய் என்று சொல்லப்படுவது வைரஸ் கிருமியால் வருவது. நோயுள்ள விலங்கின் உமிழ்நீரில் இக்கிருமி இருக்கும். கடித்த காயம், கீறல், புண்பட்ட தோலில் நக்குதல் ஆகியவற்றின் வழியாக அது உடலுக்குள் செல்லும். பிறகு நரம்பு வழியே மெதுவாக மூளைக்கு ஏறும். மனிதருக்கு அறிகுறி தோன்றப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதங்கள் ஆகும். சிலருக்கு அதற்கு முன்னரும், சிலருக்கு மிகப் பின்னரும் வரலாம். அறிகுறி தோன்றிய பின் உயிர் பிழைப்பது மிக மிக அரிது. ஆனால் கடிபட்டதற்கும் அறிகுறி தோன்றுவதற்கும் இடைப்பட்ட காலத்தில் சரியான ஊசி போட்டால் நோயைத் தடுத்துவிடலாம். அந்தக் காலத்தை வீணாக்காமல் இருப்பதுதான் முக்கியம்.

இலங்கையில் 1973ஆம் ஆண்டில் மட்டும் 377 பேர் இந்நோயால் இறந்தார்கள். அண்மைக் காலத்தில் அத்தொகை ஆண்டுக்கு 20, 30 என்ற அளவுக்குக் குறைந்துள்ளது. நாய்களுக்கு ஊசி போட்டதும், கடிபட்டவர்களுக்கு அரச வைத்தியசாலைகளில் இலவசமாகச் சிகிச்சை கொடுத்ததும் இதற்குப் பெரும் காரணம். உலகெங்கும் இந்நோயால் இறப்போரில் பத்தில் நால்வர் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள்.

எப்படி அடையாளம் காண்பது?

விசர் பிடித்த நாய் எல்லாம் வெறிகொண்டு ஓடிக் கடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியும் வரும். ஆனால் சில நாய்கள் சத்தமின்றி இருட்டு மூலையில் ஒதுங்கிக்கொள்ளும். தாடை தொங்கும், எச்சில் வடியும், குரைப்பு மாறும், நடை தள்ளாடும். இதைப் பார்த்து "தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டது" என்று நினைத்து வாய்க்குள் கையை விடுபவர்கள் உண்டு. ஒருபோதும் அப்படிச் செய்யாதீர்கள்.

"தண்ணீர் குடிக்கிறதே, விசராக இருக்காது" என்ற எண்ணமும் தவறு. விசர் பிடித்த நாய் தண்ணீருக்குப் பயப்பட வேண்டும் என்றில்லை. சாதுவாக இருந்த நாய் திடீரெனச் சீறினாலும், யாரையும் நெருங்காத நாய் திடீரென ஒட்டிக்கொண்டாலும் எச்சரிக்கையாக இருங்கள். பூனைக்கும் இந்நோய் வரும். பூனை பிள்ளைகளின் மடியிலும் படுக்கையிலும் கிடப்பதால் அதன் கீறலையும் அலட்சியம் செய்யக்கூடாது.

தடுப்பூசி எப்போது, எங்கே?

நாய்களுக்கான விசர்நோய்த் தடுப்பூசியை அரசு இலவசமாகப் போடுகிறது. உங்கள் பிரிவில் எப்போது ஊசி போடுகிறார்கள் என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம், அதாவது பி.எச்.ஐ. ஐயாவிடம், அல்லது அரச கால்நடை வைத்தியர் பணிமனையில் கேளுங்கள். தோட்ட மருந்துசாலையிலும் குடும்பநல உத்தியோகத்தரிடமும் விசாரிக்கலாம். பூனையையும் கொண்டுவரலாமா என்று அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊசியை ஆண்டுதோறும் போட வேண்டும். பழைய அட்டை தொலைந்திருந்தாலோ, கடைசியாக எப்போது போட்டது என்று நினைவில்லாவிட்டாலோ மீண்டும் போடுங்கள். இரண்டாம் முறை போடுவதால் கெடுதல் இல்லை. குட்டிதானே என்று விட்டுவிடாதீர்கள். அதன் வயதைச் சொன்னால், எப்போது முதல் ஊசி, எப்போது அடுத்த ஊசி என்று உத்தியோகத்தர் சொல்வார். ஊசி போட்ட அன்றே பாதுகாப்பு வந்துவிடாது. அதற்குச் சில வாரங்கள் செல்லும்.

ஊசி போடும் நாளில் நாய்க்குப் பழக்கமான பெரியவர் ஒருவர் கயிறோ சங்கிலியோ கட்டிக் கூட்டிவர வேண்டும். சிறு பிள்ளைகளிடம் கொடுத்து அனுப்பாதீர்கள். பூனையைக் காற்றோட்டமுள்ள மூடிய கூடையில் கொண்டுவாருங்கள். அட்டையில் எழுதியிருப்பது விளங்காவிட்டால், அடுத்த ஊசித் திகதியைத் தமிழில் சொல்லும்படி கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

லயத்தில் திரியும் நாய்கள்

யாருக்கும் சொந்தமில்லாமல் லயமே சோறு போட்டு வளர்க்கும் நாய்கள் உண்டு. இவற்றை யாரும் ஊசிக்குக் கொண்டுபோவதில்லை. ஒரு பகுதியில் பத்து நாய்களில் ஏழுக்காவது ஊசி போட்டிருந்தால், நோய் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும் சங்கிலி அறுந்துவிடும். உங்கள் வீட்டு நாய்க்கு மட்டும் போட்டால் போதாது என்பதற்குக் காரணம் இதுதான். அடுத்த வீட்டாரோடு பேசி, எந்த நாயை யார் பிடித்துக் கொடுப்பது என்று முன்கூட்டியே பிரித்துக்கொள்ளுங்கள்.

நாய்களை அடித்துக் கொல்வதோ நஞ்சு வைப்பதோ தீர்வாகாது. கொன்ற இடத்துக்கு ஊசி போடாத வேறு நாய்கள் வந்து சேரும். ஊசி போட்டுக் கருத்தடையும் செய்த நாய்கள் லயத்தில் இருப்பதே பாதுகாப்பு.

"ஊசி போட்டும் குட்டி செத்துவிட்டதே?"

இப்படிக் கேட்டு, ஊசியில் நம்பிக்கை இழந்தவர்கள் இருக்கிறார்கள். இலவச ஊசி விசர் நோயை மட்டுமே தடுக்கும். இரத்தப் பேதியும் வாந்தியுமாகக் குட்டிகளைக் கொல்லும் பார்வோ, சளியும் காய்ச்சலுமாகத் தொடங்கி வலிப்பில் முடியும் டிஸ்டெம்பர் ஆகியவை வேறு நோய்கள். அவற்றுக்கு வேறு தடுப்பூசி உண்டு. பூனைகளின் பேதி, சளிக்காய்ச்சலுக்கும் அப்படியே. இவற்றுக்குப் பணம் செலவாகலாம் என்பதால் விலையைக் கால்நடை வைத்தியரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். எல்லாவற்றுக்கும் வசதியில்லாவிட்டாலும் விசர் நோய் ஊசியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நாயோ பூனையோ கடித்தால்

1. உடனே ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். குழாய் இல்லாவிட்டால் வாளியிலிருந்து ஊற்றிக்கொண்டே இருங்கள்.

2. மஞ்சள், சுண்ணாம்பு, கோப்பித்தூள், எண்ணெய் எதையும் பூச வேண்டாம். பார்வை பார்த்துக் கயிறு கட்டினாலும் வைத்தியசாலைக்குப் போவதைத் தாமதிக்க வேண்டாம்.

3. அன்றே அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். ஒரு நாள் பேர் போய்விடுமே என்று மறுநாளுக்குத் தள்ளாதீர்கள். கடித்த நாய்க்கு ஊசி போட்டிருந்தால் அட்டையையும் கொண்டுபோங்கள். ஊசி தேவையா இல்லையா என்று வைத்தியர் முடிவு செய்யட்டும்.

4. கடித்த விலங்கைக் கொல்லாதீர்கள். கட்டிவைத்து அல்லது அடைத்து 14 நாட்கள் கவனியுங்கள். நோய்வாய்ப்பட்டாலோ செத்தாலோ காணாமல் போனாலோ உடனே வைத்தியசாலைக்கும் பி.எச்.ஐ.க்கும் சொல்லுங்கள். செத்த விலங்கை வெறுங்கையால் தொடாதீர்கள். பரிசோதிக்க வேண்டுமா என்று பி.எச்.ஐ.யிடம் கேட்கும் முன் புதைத்துவிடாதீர்கள்.

5. சொல்லப்பட்ட திகதிகளில் எல்லா ஊசிகளையும் போட்டு முடியுங்கள். முகாமில் இருக்கும்போது தொடங்கி, பாதியில் வீடு திரும்பினால் சிகிச்சை அட்டையை எடுத்துவந்து புதிய இடத்தின் வைத்தியசாலையில் காட்டித் தொடருங்கள்.

பிள்ளைகளிடம் பேசுங்கள்

நாயைச் சீண்டியதற்கு அடி விழும் என்று பயந்து கடியை மறைக்கும் பிள்ளைகள் உண்டு. சிறு கீறல்தானே என்று அவர்கள் நினைப்பார்கள். "நாய் கடித்தாலும் கீறினாலும் எங்களிடம் சொல்லு, ஏச மாட்டோம்" என்று இன்றே சொல்லிவையுங்கள். சொன்னபடி நடந்தும் கொள்ளுங்கள். சாப்பிடும் நாய், தூங்கும் நாய், குட்டி போட்ட நாய் ஆகியவற்றின் கிட்டப் போகக் கூடாது என்றும் கற்றுக்கொடுங்கள்.

அடுத்த முறை வெளியேற நேர்ந்தால்

அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கிளினிக் புத்தகம் வைக்கும் அவசரப் பையிலேயே நாயின் ஊசி அட்டையையும் பொலித்தீனில் சுற்றி வையுங்கள். நாயைக் கூட்டிச் செல்ல முடியாவிட்டால் கட்டிய சங்கிலியை அவிழ்த்துவிட்டுப் போங்கள். கட்டியபடி விட்டால் அது தப்ப வழியில்லை. உங்கள் உயிருக்கு ஆபத்து இருக்கும்போது நாயைத் தேடித் திரும்பி ஓடாதீர்கள். ஊசி போட்ட நாய் என்றால், பின்னர் நீங்கள் திரும்பி வரும்போது அதைப் பார்த்துப் பயப்படுவதற்கான காரணம் குறைவாக இருக்கும்.