மட்டம் (14): இரண்டு டம்ளர் தண்ணீரில் ஐந்து கிலோ

மிதக்கும் பொருள் தன் எடை அளவுக்குத் தண்ணீரை விலக்கும். மூழ்கிய பொருள் தன் பருமன் அளவுக்குத்தான் விலக்கும். போன வாரம் பார்த்தது இதுதான். மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள். இந்த வாரம் உருகும் பனிக்கட்டியைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் செவ்வாய்க்கிழமை கேட்ட ஒரு கேள்வி என்னை விடமாட்டேன் என்கிறது.

நீலசந்திராவில் எங்கள் சந்தில் வாசலுக்கு வாசல் நீல டிரம் நிற்கும். காவேரித் தண்ணீர் வரும் நாளில் பிடித்து வைப்பதற்கு. போன வாரக் கணக்கை அந்த டிரம்மிலேயே செய்து பார்த்தேன். ஐந்து கிலோ குழவியைக் குண்டானில் வைத்து மிதக்கவிட்டு, தண்ணீர் நின்ற இடத்தில் டிரம்மின் உட்புறம் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு போட்டேன். கீழ்வீட்டு அக்கா துணி அலசிக்கொண்டே பார்த்தார்.

“கல்லு தண்ணிக்குள்ள போனா மட்டம் ஏறத்தானே செய்யும் தம்பி?”

குழவியை எடுத்துத் தண்ணீருக்குள் மெல்ல இறக்கினேன். குண்டான் மேலே எழும்பியது. தண்ணீர் கோட்டுக்குக் கீழே ஒரு விரல் கனம் இறங்கி நின்றது. குண்டானில் இருந்தவரை குழவி 5 லிட்டர் தண்ணீரை விலக்கியிருந்தது. கருங்கல் தண்ணீரைப்போல் ஏறத்தாழ 2.7 மடங்கு கனம். ஆகவே மூழ்கிய பிறகு அதற்கு 2 லிட்டருக்கும் குறைவான இடமே போதும். மிச்சம் மூன்று லிட்டர் சொச்சம் கீழே இறங்கிவிட்டது.

அக்கா குனிந்து கோட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கேட்டார்: “அப்போ அஞ்சு கிலோ மிதக்கணும்னா அஞ்சு லிட்டர் தண்ணியாவது வேணும், இல்ல?”

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அது தப்பு. அவர் வீட்டு அடுக்குப் பாத்திரங்களில் ஒன்றுக்குள் ஒன்று நெருக்கமாக உட்காரும் இரண்டை வாங்கினேன். பெரியதில் இரண்டே டம்ளர் தண்ணீர். சின்னதில் குழவியை வைத்து அதற்குள் இறக்கினேன். இரண்டு சுவர்களுக்கும் நடுவிலிருந்த நூலளவு சந்தில் தண்ணீர் விறுவிறுவென்று ஏறியது. விளிம்பில் ஒரு விரலை வைத்துத் தள்ளினேன். ஐந்து கிலோ குழவியோடு பாத்திரம் தட்டாமல் முட்டாமல் சுழன்றது. அரை லிட்டர்கூட இல்லாத தண்ணீரில்!

‘விலக்கும் தண்ணீர்’ என்ற சொல்தான் நம்மை ஏமாற்றுகிறது. அவ்வளவு தண்ணீர் அங்கே இருந்தாக வேண்டும் என்று அதற்குப் பொருள் இல்லை. பாத்திரத்தின் அடியை மேலே தள்ளுவது அழுத்தம். அந்த அழுத்தம், தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்பதைப் பொறுத்தது; எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதை அது பார்ப்பதில்லை. 1914இல் திறந்த பனாமா கால்வாயில் கப்பல்களை ஏற்றி இறக்கும் பழைய தொட்டிகளின் அகலம் 33.5 மீட்டர். அவற்றுக்குள் 32.3 மீட்டர் அகலமுள்ள கப்பல்கள் போய்வந்தன. பக்கத்துக்கு 60 சென்டிமீட்டர்தான் இடைவெளி. அதுவும் அடுக்குப் பாத்திரம்தான்.

டிரம்மைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் தெப்பம் நினைவுக்கு வந்தது. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் தெப்பத்தைக் கட்டும்போது பார்த்தவர்களுக்குத் தெரியும்: அடியில் காலி டிரம்கள், மேலே மரச்சட்டம், பலகை, அலங்காரம். 200 லிட்டர் இரும்பு டிரம் சுமார் 20 கிலோ இருக்கும். பாதி மூழ்கினால் 100 லிட்டரை விலக்கும். தன் எடை போக 80 கிலோவைத் தாங்கும். நூறு டிரம் என்றால் 8 டன். எங்கள் சந்தில் தண்ணீரை உள்ளே வைத்திருக்கும் டிரம், அங்கே தண்ணீரை வெளியே நிறுத்திச் சாமியைச் சுமக்கிறது.

மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் திருமலை நாயக்கர் 1645இல் வெட்டியது. ஏறத்தாழ 305 மீட்டர் நீளம், 290 மீட்டர் அகலம். கணக்குக்காகத் தெப்பம் 40 டன் என்று வைத்துக்கொள்வோம். அது குளத்தில் இறங்கினால் மட்டம் அரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் உயரும். விலக்கும் தண்ணீர் 40,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரி மூன்றுக்குச் சற்று மேல். ஆனால் அந்தப் பரப்பில் ஒரு மீட்டர் ஆழம் நிற்க 8 கோடி லிட்டருக்கு மேல் வேண்டும். அதே லாரியில் ஆறாயிரம் நடைக்கு மேல்! குளம் வறண்ட ஆண்டுகளில் தெப்பம் ஓடாமல் நிலைத்தெப்பமாக நின்றதன் காரணம் இந்த மட்டம்தான். தெப்பம் ஓட வேண்டுமானால் வைகையிலிருந்து தண்ணீர் வரும் கால்வாய் தூர்ந்துபோகாமல் இருக்க வேண்டும். திருவிழாச் செலவில் முதல் செலவு அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பேன்.

பனிக்கட்டி அடுத்த வாரத்துக்குப் போகிறது. கடலில் மிதக்கும் பனியும் நிலத்தின் மேல் கிடக்கும் பனியும் ஒன்றல்ல என்பதை மட்டும் இப்போதைக்கு மனதில் வையுங்கள். அதற்குள் உங்கள் வீட்டு அடுக்கில் நெருக்கமான இரண்டை எடுத்து ஒருமுறை செய்து பாருங்கள். பார்த்து முடித்ததும் அந்த இரண்டு டம்ளர் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிடுங்கள்.