வானத்தைப் படிப்போம் – 6: கரிசலுக்கு மேலே பருந்து

விருதுநகரிலிருந்து சாத்தூர் சாலையில் சூலக்கரையைத் தாண்டும்போது, சித்திரை மதியத்தில் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். இறக்கையை ஒருதரம்கூட அடிக்காமல், வட்டமிட்டபடியே ஒரு பருந்து உயர்ந்துகொண்டு போகும். அதற்குக் கீழே அநேகமாக உழுதுபோட்ட கரிசல் காடு கிடக்கும். இல்லையென்றால் தொழிற்பேட்டையின் தகரக் கூரை. இரண்டும் வெயிலில் சுட்டு, தமக்கு மேலே உள்ள காற்றையும் சூடாக்கும்.

காற்றுக்கு எடை உண்டு என்று சென்ற வாரம் பார்த்தோம். ஒரு கன மீட்டர் காற்று 30 டிகிரி செல்சியஸில் சுமார் 1.16 கிலோ இருக்கும். 40 டிகிரியில் விரிந்து 1.13 கிலோ ஆகிவிடும். வித்தியாசம் நாற்பது கிராம்கூட இல்லை. பருந்தைத் தூக்க அதுவே தாராளம். அது வட்டமடிப்பதும், தூண்போல் மேலேறும் அந்தச் சூடான காற்றை விட்டு வெளியேறிவிடாமல் இருக்கத்தான்.

சூடான காற்று மேலே போகும் என்று பள்ளியில் படித்திருப்போம். எனக்கு அந்த வாக்கியத்தின் மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. காரணத்தை அது சொல்வதே இல்லை. சூட்டுக்கு மேலே ஏறும் சுபாவம் ஏதும் கிடையாது. சுற்றிலும் உள்ள கனத்த காற்று கீழே புகுந்து, லேசானதை மேலே நெம்பித் தள்ளுகிறது. கிணற்றில் கவிழ்த்து அமுக்கிய காலிக் குடத்தைத் தண்ணீர் தள்ளுகிற அதே கணக்கு. 1783இல் பிரான்சில் பலூன் விட்ட மான்கோல்ஃபியே சகோதரர்கள், தூக்குவது புகைதான் என்று நம்பி ஈர வைக்கோலையும் கம்பளியையும் கொளுத்தினார்கள். காரணம் தப்பு, பலூன் என்னவோ பறந்துவிட்டது.

நீராவி இன்னும் லேசு. நீர் மூலக்கூறின் எடை 18, காற்றின் சராசரி 29. அதனால் ஒரே வெப்பத்தில், ஒரே அழுத்தத்தில், ஈரக் காற்று வறண்ட காற்றைவிட எடை குறைந்தது. புழுக்கத்தில் நமக்குத் தோன்றுவதற்கு நேர்மாறு. இட்லிக் கொப்பரையைத் திறந்ததும் வெள்ளையாக எழுவது நீராவி அல்ல, அது குளிர்ந்து திரண்ட நுண்துளிகள். நீராவி கண்ணுக்குத் தெரியாது.

மேகமும் அப்படித் திரண்டதே. ஏறும் காற்று கிலோமீட்டருக்குப் பத்து டிகிரி வீதம் குளிரும். ஓர் உயரத்தில் ஈரம் துளியாகும். அப்போது ஒரு கிராம் நீராவி சுமார் 2,500 ஜூல் வெப்பத்தை விட்டுக்கொடுக்கும். அந்தச் சூட்டில் மேகம் தன்னைத்தானே மேலும் உயர்த்திக்கொள்ளும். சில சாயங்காலங்களில் அதன் உச்சி பத்து கிலோமீட்டரைத் தாண்டும். கோடை இடி பிறப்பது அங்கேதான்.

வேறு ஊருக்கு இது வெறும் கோடை மழை. சிவகாசி வட்டாரப் பட்டாசு ஆலைகளில் மருந்துக் கலவை இருக்கும் அறை வெடிக்க ஒரு மின்னல் போதும். இடி மின்னல் நெருங்கினால் வேலையை நிறுத்த வேண்டும் என்பது விதி. ஆனால் மழை பெய்யும் இடத்திலிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளியும் மின்னல் இறங்கும்; இடி காதில் விழுகிறது என்றாலே அதன் எல்லைக்குள் இருக்கிறீர்கள்.

ஆகவே போர்மேன்களே, மதியத்துக்கு மேல் வெள்ளை மேகம் ஒன்று குவிந்து செங்குத்தாக வளர்வது தெரிந்தால், சத்தத்துக்காகக் காத்திருக்காதீர்கள். ஆட்களை வெளியே அனுப்பிவிடுங்கள்.

2018 போகியன்று சென்னை விமான நிலையத்தைத் திணறடித்த புகை ஏன் மேலே ஏறாமல் தரையிலேயே கிடந்தது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.