‘எங்க வீடு எங்க இருக்குன்னு பிரெஞ்சுல எப்படிச் சொல்றது?’ - இலவச மொழிச் செயலிகளைப் பிள்ளைகளிடம் கொடுக்கும் முன்...

“அம்மா, ‘எங்க வீடு மலைக்கோட்டைக்குப் பக்கத்துல இருக்கு’ன்னு பிரெஞ்சுல எப்படிச் சொல்றது?”

அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்த எனக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. ஒன்பது வயதுப் பெண், ஆறே வாரத்தில் முழு வாக்கியம் கேட்கிறாளே! அப்புறம்தான் மனசுக்குள் ஏதோ இடறியது.

“யாருகிட்டடி சொல்லப்போற?”

“என் ஃப்ரெண்டுகிட்ட. ஆப்ல பேசுவாங்கல்ல, அவங்க கேட்டாங்க.”

அடுப்பை அணைத்துவிட்டு போனை வாங்கிப் பார்த்தேன். பெயர் கேட்டிருந்தார்கள், சொல்லியிருந்தாள். வயது, ஊர், தம்பியின் பெயர் எல்லாம் சொல்லியிருந்தாள். ‘பள்ளிக்குப் போக மாட்டாயா?’ என்ற கேள்விக்கு, ‘இல்லை, நான் வீட்டில்தான் இருப்பேன்’ என்று பதில். கடைசியாக வந்து நின்றது, வீடு எங்கே என்ற கேள்வி.

மறுமுனையில் இருந்தவர் நிஜமாகவே மொழி பழகும் இன்னொரு சிறுமியாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எது உண்மை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கைகள் நடுங்க அந்தச் செயலியை நீக்கினேன். தப்பு மகளுடையது இல்லை. ‘இலவசம்’, ‘படிப்பு’ என்ற இரண்டு வார்த்தைகளை நம்பி, போனைக் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனவள் நான்தான்.

வீட்டுப்பள்ளியில் இன்னொரு டீச்சர் இல்லை

எங்கள் வீட்டில் பிள்ளைகள் இருவரும் வீட்டிலேயே படிக்கிறார்கள். 1989-ல் தொடங்கப்பட்ட தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் வழியாக, 14 வயது நிறைந்ததும் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத வைக்கலாம் என்பது திட்டம். கணக்கு, அறிவியல், தமிழ், ஆங்கிலம் எல்லாவற்றையும் நானும் கணவரும் பிரித்துக்கொண்டோம். மூன்றாவது மொழி ஒன்று சொல்லிக்கொடுக்க இருவருக்குமே தெரியாது. புதுச்சேரியில் இருக்கும் என் அத்தையின் பேரப்பிள்ளைகள் பிரான்சில் வளர்கிறார்கள். அவர்களோடு பேச வேண்டும் என்று மகள் ஆசைப்பட்டாள். அதனால் செயலிக்குப் போனோம்.

வீட்டில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பலர் இப்படித்தான் இலவச மொழிச் செயலிகளுக்கு வருகிறார்கள். பள்ளியில் ஒரு கணினி ஆய்வகம் என்றால், அங்கே ஓர் ஆசிரியர் நடந்துகொண்டிருப்பார். ஏதாவது சரியில்லை என்றால் பக்கத்து பெஞ்ச் பிள்ளையாவது சொல்லும். வீட்டுப்பள்ளியில் அந்த இரண்டாவது ஜோடிக் கண்கள் கிடையாது. நாம் பார்த்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

முதல் பாடமே சொந்த விவரம்

கணக்குச் செயலியில் இல்லாத ஓர் ஆபத்து மொழிச் செயலியில் இருக்கிறது. யோசித்துப் பாருங்கள். எந்த மொழியாக இருந்தாலும் முதல் பாடம் என்ன? ‘என் பெயர் இது. எனக்கு வயது இத்தனை. நான் இந்த ஊரில் இருக்கிறேன். எங்கள் வீட்டில் இத்தனை பேர்.’ அந்நியரிடம் சொல்லாதே என்று நாம் பிள்ளைகளுக்குப் படித்துப் படித்துச் சொல்லும் விஷயங்கள்தான், மொழிப்பாடத்தில் வீட்டுப்பாடமாக வருகின்றன!

பிள்ளை ரகசியத்தை வெளியே சொல்லவில்லை. பாடத்தைச் சரியாகச் செய்கிறது. அதனால்தான் அதற்குத் தப்பாகவே தோன்றுவதில்லை. போதாததற்கு, மொழி பேசிப் பழகினால்தான் வரும். ஆகவே குரல் பதிவும், சில செயலிகளில் முகம் தெரியாத மனிதர்களோடு உரையாடலும் சேர்ந்தே வருகின்றன.

எல்லா இலவசமும் ஒன்றல்ல

இலவசமாகக் கிடைப்பவற்றை மூன்று கூடைகளாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் குறையும்.

முதல் கூடை, அரசோ தொண்டு நிறுவனமோ தருபவை. தமிழக அரசின் தமிழ் இணையக் கல்விக்கழகம் 2001 முதல் இயங்குகிறது. அதன் மழலைக் கல்விப் பகுதியில் பாட்டும் கதையும் உண்டு. பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில், ஒரே கதையைத் தமிழிலும் வேறு மொழியிலும் அடுத்தடுத்துப் படிக்கலாம். கதையைத் திறந்து படிக்கக் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. இரண்டு முதல் எட்டு வயதுவரை ஆங்கிலத்தில் எழுத்தும் வாசிப்பும் பழக, கான் அகாடமி கிட்ஸ் இருக்கிறது. விளம்பரம் கிடையாது. சின்னப் பிள்ளைகளுக்கு இந்தக் கூடையில் இருந்து ஆரம்பிப்பது நல்லது.

இரண்டாவது கூடை, விளம்பரத்திலும் சந்தாவிலும் ஓடும் நிறுவனங்களின் செயலிகள். 2012-ல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட டுவோலிங்கோ இந்த வகை. பாடம் இலவசம், நடுநடுவே விளம்பரம் வரும், பணம் கட்டினால் விளம்பரம் போகும். குழந்தைகள் ஆங்கிலம் வாசிக்கப் பழக இதே நிறுவனம் தரும் டுவோலிங்கோ ஏபிசி-யில் விளம்பரம் இல்லை. இந்தக் கூடையைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், ஆனால் அமைப்புகளைச் சரிசெய்த பிறகு.

மூன்றாவது கூடை, ‘நீ எனக்கு உன் மொழியைச் சொல்லிக்கொடு, நான் உனக்கு என் மொழியைச் சொல்லித் தருகிறேன்’ என்று ஆட்களை இணைப்பவை. பெரியவர்களுக்கு அருமையான ஏற்பாடு. குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். நான் சறுக்கியது இங்கேதான்.

கொடுக்கும் முன் அரை மணி நேரம்

புதுச் செயலி எதுவானாலும் இப்போது நானே முதலில் மூன்று நாள் அதில் படித்துப் பார்க்கிறேன். பிறகு இவற்றைச் செய்துவிட்டுத்தான் போன் மகளிடம் போகும்.

1. கணக்கு: பெற்றோரின் இமெயிலில் தொடங்குங்கள். பாஸ்வேர்டு உங்களிடமே இருக்கட்டும். பிறந்த வருடத்தை மட்டும் கூட்டிப் போடாதீர்கள். சரியான வயது கொடுத்தால் பல செயலிகள் அரட்டை, நண்பர் தேடல் போன்றவற்றைத் தாமாகவே மூடிவிடுகின்றன. அமெரிக்காவில் 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் தகவலைக் காக்க 1998-லேயே சட்டம் வந்துவிட்டது. நம் நாட்டில் 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுவரை குழந்தை என்கிறது. அவர்களுடைய தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. பொய் வயது கொடுத்தால் அந்தக் கதவுகளை நாமே திறந்துவிட்டதாகும்.

2. பெயரும் படமும்: நிஜப் பெயர் வேண்டாம், புனைபெயர் போதும். பிள்ளையின் போட்டோவுக்குப் பதில் ஒரு பூ, ஒரு பொம்மை. புரொஃபைல் பொதுவில் தெரியாதபடி மாற்ற வசதி இருந்தால் மாற்றுங்கள்.

3. அனுமதிகள்: போன் செட்டிங்ஸில் அந்தச் செயலியைத் திறந்து, அது என்னென்ன அனுமதி வாங்கியிருக்கிறது என்று பாருங்கள். இருப்பிடம், தொடர்பு எண்கள், கேமரா மூன்றும் மொழி படிக்கத் தேவையில்லை. உச்சரிப்புப் பயிற்சிக்கு மைக் வேண்டும் என்றால், ‘பயன்படுத்தும்போது மட்டும்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

4. பணம்: ‘ஏழு நாள் இலவசம்’ என்று வரும் பொத்தான் பலமுறை ஒரு வருடச் சந்தாவில் போய் முடியும். ஆப் ஸ்டோரில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி வையுங்கள். உங்கள் யுபிஐ செயலியில் ‘ஆட்டோபே’ பகுதியை மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

5. இடம்: மொழிப்பாடம் கூடத்தில்தான். கதவு மூடிய அறையில் இல்லை, போர்வைக்குள்ளும் இல்லை. ஹெட்போன் இல்லாமல் சத்தமாகவே படிக்கட்டும். பக்கத்தில் இருக்கும் உங்கள் காதிலும் நாலு வார்த்தை ஏறும்.

காய்ச்சலிலும் விடாத கணக்கு

அந்நியர் மட்டுமே ஆபத்து என்று நினைத்துவிடக் கூடாது. பல செயலிகள் தொடர்ந்து எத்தனை நாள் படித்தோம் என்று எண்ணிக்கொண்டே வரும். ஒரு நாள் விட்டால் பூஜ்யம். ஒருமுறை காய்ச்சலில் கிடந்தவள், ராத்திரி பதினோரு மணிக்கு எழுந்து, “இன்னிக்குப் பண்ணலைன்னா எல்லாம் போயிடும்மா” என்று அழுதாள். அது படிப்பின் மேல் இருந்த ஆசை இல்லை, எண்ணிக்கையின் மேல் வந்த பயம்.

அந்த வாரமே நோட்டிஃபிகேஷனை நிறுத்தினோம். இப்போது ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுப்பள்ளிக்கு லீவு, செயலிக்கும் லீவுதான். கணக்கு பூஜ்யமானால் ஆகட்டும்! மற்ற நாள்களில் இருபது நிமிடம். அதன்பின் அன்று படித்த ஐந்து வார்த்தைகளை நோட்டில் கையால் எழுத வேண்டும். உப்பு, தண்ணீர், கதவு என்று வீட்டுப் பொருள்களில் சீட்டு ஒட்டியும் வைத்திருக்கிறோம்.

தவறு நடந்துவிட்டால்...

முதலில், திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை பிள்ளை நம்மிடம் வந்து கேட்காது. ‘வீடு எங்கே என்று எப்படிச் சொல்வது’ என்று என் மகள் என்னிடம் வந்து கேட்டதால்தான் எங்கள் கதை அங்கேயே நின்றது.

அடுத்து, நான் செய்ததைச் செய்யாதீர்கள். பதற்றத்தில் செயலியை நீக்கிவிட்டதால், என் கையில் ஆதாரமே இல்லாமல் போயிற்று. உரையாடலையும் அந்தக் கணக்கின் பெயரையும் முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிறகு செயலிக்குள்ளேயே புகார் செய்து, அந்த நபரைத் தடுத்துவிட்டு, அதன்பின் நீக்குங்கள். மிரட்டலோ, படம் கேட்பதோ, தப்பான பேச்சோ இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யலாம். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930.

நூறு வயது ஆமை

எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, ‘இனி ஆப்பே கிடையாது’ என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் அவளுடைய ஆசையில் தப்பில்லையே? எனவே ஒரு விதி வைத்தோம். மொழிப்பாடத்தில் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடம் எல்லாவற்றுக்கும் ஒரு கற்பனைப் பாத்திரம். அந்தப் பாத்திரத்தின் பெயர், வயது, ஊர், குடும்பம் எல்லாம் அவளே முடிவு செய்யலாம். ஆனால் ஒன்றுகூட நிஜமாக இருக்கக் கூடாது.

அவள் நூறு வயது ஆமை ஆனாள். கடலுக்கு அடியில் வீடு. முப்பத்தேழு பேரப்பிள்ளைகள். இந்த வேடிக்கையில் நூறுவரை எண்கள், உறவு முறைகள், கடல் பிராணிகள் எல்லாம் தானாக மனப்பாடம் ஆகிவிட்டன. நிஜ விவரத்தைச் சொல்லாமலே மொழியைப் பேசலாம் என்பது, நான் கொடுத்த எந்த எச்சரிக்கையையும்விட அவளுக்கு நன்றாகப் புரிந்தது.

பேசிப் பழக ஆள் வேண்டுமே? அதற்குத்தான் அத்தையின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். சனிக்கிழமை சாயங்காலம் வீடியோ காலில், நானும் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அரை மணி நேரம் பேசுகிறார்கள். இவள் பிரெஞ்சில் திக்குவாள், அவர்கள் தமிழில் திக்குவார்கள். போன வாரம் அவர்களில் சின்னவன் தமிழில் கேட்டான், “உங்க வீடு எங்க இருக்கு?”

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சொல்லலாமா என்று கண்ணாலேயே கேட்டாள். நான் தலையசைத்ததும், மலைக்கோட்டைக்குப் பக்கத்தில் என்று பிரெஞ்சில் சரியாகச் சொன்னாள்.